மூன்றாவது ஸ்க்ரூ

கிட்டார் செய்கிற வீட்டில் எப்போதும் பாட்டு கேட்கும் என்று நினைத்துக்கொண்டு போனால் ஏமாந்துதான் திரும்ப வேண்டும். கோவளத்தில் இத்ரீஸ் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற கொட்டகையில் காலை எட்டு மணியிலிருந்து அறுக்கிற சத்தம், இழைக்கிற சத்தம், உப்புத்தாள் தேய்க்கிற சத்தம், இவற்றுக்கெல்லாம் மேலே இத்ரீஸ் கத்துகிற சத்தம். அந்த வியாழக்கிழமை கடைசிச் சத்தம் மட்டும் இல்லை. மரம் பார்த்து வாங்க அவன் விடிந்ததும் செங்கல்பட்டுக்கு பஸ் ஏறிவிட்டான். அவன் மனைவி ரிஃபானாவுக்கு அதுவே பாதிப் பெருநாள் மாதிரி இருந்தது.

ஆவணி மாதத்துக் கடற்கரைப் புழுக்கம் அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். முந்தின நாள் சாயங்காலம் பேருக்கு ஒரு மழை பெய்து, மண்ணில் இருந்த சூட்டையெல்லாம் கிளப்பிவிட்டுப் போயிருந்தது. துணி காயவில்லை. உப்பு ஜாடியில் உப்பு தண்ணீராய் நின்றது. கொட்டகையில் தொங்கிய நாலு கிட்டாரும் ஈரத்தைக் குடித்துக்கொண்டிருந்தன. மரம் குடிக்கத்தான் செய்யும், அதற்கு யார் என்ன செய்ய முடியும்?

நாலில் ஒன்று இன்றைக்குப் போக வேண்டியது. இடதுகைக் கிட்டார். கல்பாக்கத்தில் அணு ஆராய்ச்சி ஆபீசில் வேலை பார்க்கிற லதா, தன் மகள் அனுவுக்காகச் சொல்லிச் செய்தது. அனு எல்லாவற்றையும் இடது கையால் செய்கிற பெண். கடையில் கிடைக்கிற கிட்டாரையெல்லாம் தலைகீழாகப் பிடித்து வாசித்து அலுத்துப்போய் இங்கே வந்தாள். ஞாயிற்றுக்கிழமை ஜெர்மனிக்குப் படிக்கப் போகிறாள். நாலு மணிக்கு அம்மாவும் மகளும் வந்து வாங்கிக்கொள்வதாகப் பேச்சு.

கடைசியாகத் துடைத்து, ஸ்ட்ரிங் ஏற்றி, சுருதி பார்ப்பது ரிஃபானாவின் வேலை. அவளுக்கு ஒரு பாட்டும் வாசிக்கத் தெரியாது. ஆனால் காது கூர்மை. சுருதி சேர்த்துவிட்டு, நடுக்கழுத்தில் விரலை அழுத்திப் பார்த்தாள். அழுந்தவில்லை. ஸ்ட்ரிங் எல்லாம் பலகையை விட்டு எம்பி நின்றன. கிட்டாரைத் தூக்கி ஒரு கண்ணை மூடிக்கொண்டு கழுத்தோடு பார்வையை ஓட்டினாள். கழுத்து முன்பக்கம் வளைந்திருந்தது. ஈரத்தின் வேலைதான்.

இதற்கு வைத்தியம் கழுத்துக்குள்ளேயே இருக்கிறது. நீளத்துக்கு ஓர் இரும்புக் கம்பி. ட்ரஸ் ராடு என்பார்கள், இந்த வீட்டில் வெறும் ராடு. கிட்டாரின் தலைப்பக்கம் ஒரு குழி விட்டு, அதற்குள் ராடின் முனை தெரிகிற மாதிரி வைத்திருப்பார்கள். அதைக் கால் சுற்று முறுக்கினால் கழுத்து நிமிர்ந்துவிடும். குழியை மூட ஒரு மூடி: கட்டைவிரல் அகலத்துக்கு ஈட்டிமரத்தில் சீவிய தகடு. அதற்கு மூன்று பித்தளை ஸ்க்ரூ. இரும்பு ஸ்க்ரூ போட்டால் கோவளத்துக் காற்றில் ஆறு மாதத்தில் துருப்பிடித்துப் போகும். அதனால் பித்தளை.

இத்ரீஸுக்கு இரண்டு தடவை போன் போட்டாள். எடுக்கவில்லை. 'அது ரெடி, மூடிய யாரும் தொறக்க வேணாம்' என்று திங்கட்கிழமை அவன் சொல்லியிருந்தது ஞாபகம் வந்தது. திங்கட்கிழமை மழை பெய்திருக்கவில்லையே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு திருப்புளியை எடுத்தாள்.

முதல் ஸ்க்ரூ கழன்றது. இரண்டாவதும் கழன்றது. மூன்றாவதில் திருப்புளியை வைத்து ஒரு அழுத்து அழுத்தினாள், அவ்வளவுதான். பொட்டு மாதிரி அதன் தலை மட்டும் தனியாக எழும்பி அவள் உள்ளங்கையில் விழுந்தது. அடியில் காய்ந்த பசை.

மூடியை எடுத்தாள். மூன்றாவது ஓட்டைக்கு நேர் கீழே, மரத்துக்குள், முறிந்த ஸ்க்ரூவின் உடம்பு மஞ்சளாக மின்னியது.

ரிஃபானாவுக்குக் கோபம் வந்தது. முறிந்ததற்காக இல்லை. ஒட்டி வைத்ததற்காக. ஜெர்மனியில் குளிர்காலம் வந்தால் மரம் காயும், கழுத்து பின்னால் போகும், அந்தப் பெண் யாருமில்லாத ஊரில் தன் அறையில் உட்கார்ந்து இந்த மூடியைத் திறப்பாள். தலை தனியாகக் கையோடு வரும்போது கோவளத்துக்காரர்களைப் பற்றி என்ன நினைப்பாள்?

மூடி போடுகிற வேலை யாருடையது என்பதில் சந்தேகமே இல்லை. இத்ரீஸின் தம்பி முபஷ்ஷிருடையது. சவூதியில், தம்மாமில் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டதால் இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஊர் திரும்பி, அண்ணனோடு சேர்ந்தவன். கை நல்ல கை. வாய்தான் சரியில்லை. போன வருஷம் ஒரு கிட்டாருக்குக் கழுத்தை ஒட்டி ராத்திரி முழுக்க இறுக்கி வைத்தேன் என்று சத்தியம் பண்ணினான். ஆறு மணி நேரத்திலேயே பிடியைக் கழற்றியிருந்தான். பாண்டிச்சேரிக்குப் போன கிட்டார் கழுத்து பெயர்ந்து திரும்பி வந்தது. அன்றைக்கு இத்ரீஸ் ஆடிய ஆட்டம் தெருவே பார்த்தது. 'இன்னொரு தபா பொய் சொன்னன்னு வெச்சிக்க, இந்த வூட்டுல உனக்கு எடம் கெடயாது' என்று அம்மா முன்னாலேயே ஆணையிட்டுச் சொன்னான். சொன்னால் செய்கிறவன் என்று பெயர் வாங்கியவன் வேறு. அதிலிருந்து முபஷ்ஷிருக்கு மூடி போடுவதும் பாலிஷ் போடுவதும்தான் வேலை. முபஷ்ஷிரின் மனைவி ஃபைஸா ஏழு மாதம். புதுப்பட்டினத்தில் தாய்வீட்டில் இருக்கிறாள். பிள்ளையோடு அவள் வந்து இறங்க மாடி அறைக்கு இப்போதுதான் வெள்ளை அடித்திருந்தார்கள்.

"தம்பி, இங்க வா."

முபஷ்ஷிர் உப்புத்தாளைக் கீழே போட்டுவிட்டு வந்தான்.

"இன்னா அண்ணி?"

அவள் உள்ளங்கையை நீட்டினாள். "இது இன்னா?"

அவன் குனிந்து பார்த்தான். முகத்தில் ஈயாடவில்லை. "ஸ்க்ரூ."

"ஸ்க்ரூ இல்ல. ஸ்க்ரூவோட தல. ஒடம்பு எங்க கீது?"

"உள்ள கீது."

"உள்ள கீதுன்னு எனக்குத் தெரியாதா? ஒடச்சிட்டு, பசய தடவி, பொட்டு வெக்கிற மாதிரி தலய ஒட்டி வெச்சிக்கீற. யாரு கண்ணுல மண்ணப் போட பாத்த? அந்தப் பொண்ணு கண்ணுலயா, உங்க அண்ணன் கண்ணுலயா?"

அவன் கழுத்தில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான்.

"வாயத் தொறந்து சொல்லு. நீதான பண்ண?"

"ஆமா அண்ணி. நான்தான்."

அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்வான் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. எதிர்பார்க்காததால் கோபம் இன்னும் ஏறியது. "புள்ள பொறக்கப் போவுதுடா உனக்கு! அந்தாளு வந்து பாத்தார்னா அப்பிடியே உன்ன வெளிய அனுப்பிடுவாரு. ஃபைஸாவுக்கு நான் இன்னா பதில் சொல்றது? அந்த ரூமுக்கு நானு நின்னு வெள்ளை அடிச்சேன், தெரியுமா உனக்கு?"

இந்தச் சத்தத்துக்கு சைதூன் வந்துவிட்டாள். இரண்டு மகன்களையும் பெற்றவள். கையில் மீன் அலசிய ஈரம். என்ன ஏது என்று கேட்டு, ரிஃபானா சொல்லி முடிப்பதற்குள் கதவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"யா அல்லா! இவன் மறுபடியும் ஆரம்பிச்சிட்டானா? பெரியவன் வந்து பாத்தா வூடு ரெண்டாப் பூடுமே!"

"கத்தாதீங்க மாமி. அவரு மரத்த ஏத்திகினு வர நாலு மணியாவும். அதுக்குள்ள சரி பண்ணிடலாம்." சொல்லிவிட்டு முபஷ்ஷிரைப் பார்த்தாள். "பண்ண முடியுமா, முடியாதா?"

"பண்ணலாம்" என்றான்.

அதற்கப்புறம் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. முதலில் ராடைக் கால் சுற்று முறுக்கிக் கழுத்தை நிமிர்த்தினாள் ரிஃபானா. அவன் அலமாரியைத் துழாவி உடைந்த ரேடியோ ஒன்றை எடுத்தான். அதன் ஏரியலில் கடைசித் துண்டு, பென்சில் முனையைவிடக் கொஞ்சம் பெரிய குழாய். அதை அறுத்தெடுத்து, முனையில் முக்கோண அரத்தால் பல் வைத்தான். ஐந்து பல். ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துப் பார்த்து ராவினான். அதைக் கை துரப்பணத்தில் மாட்டினான். முறிந்த ஸ்க்ரூவைச் சுற்றி மரத்தை வட்டமாக அறுத்து அப்படியே உருவி எடுத்துவிட வேண்டும். கேட்க எளிதுதான். ஆனால் அந்த இடத்திலிருந்து ராடு குழிக்கு நெல்மணி அகலம்கூட இல்லை. குழாய் ஒரு பக்கம் சாய்ந்தால் நடுச்சுவர் பிளந்து குழிக்குள் விழும். விழுந்தால் கிட்டாரின் முகமே போச்சு. ஐந்து மாத வேலை, ஞாயிற்றுக்கிழமை விமானம், எல்லாம் போச்சு.

"புடிச்சிக்க அண்ணி. மூச்சுகூட மெதுவா வுடு."

அவள் கிட்டாரின் தலையை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்தாள். அவன் சுற்றினான். நாலு சுற்று, எடுப்பது, தூளை ஊதுவது, மறுபடி நாலு சுற்று. பித்தளையும் மரமும் சேர்ந்து தேய்கிற சத்தத்தில் அவளுக்குப் பல் கூசியது. அவன் மூக்கு நுனியில் வியர்வைச் சொட்டு நின்றது. அதைத் துடைக்கக்கூட அவன் கையை எடுக்கவில்லை. மதியத் தொழுகைக்கு லுஹர் பாங்கு சொன்னார்கள். சைதூன் உள்ளே போய் மீன் குழம்பை இறக்கினாள். சங்கராவும் மாங்காயும் போட்ட குழம்பு; வாசனை கொட்டகை வரைக்கும் வந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

கடைசியில் குழாயோடு மரமும் ஸ்க்ரூவுமாக ஒரு துண்டு உருவிக்கொண்டு வந்தது. நடுச்சுவர் அப்படியே நின்றது. ரிஃபானா அதுவரை அடக்கிய மூச்சை விட்டாள்.

அவன் அந்த ஓட்டைக்கு அளவாக ஈட்டிமரத்தில் ஒரு குச்சி சீவினான். ரேகை ஒரே திசையில் போகிற மாதிரி திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்துப் பசை போட்டு அடித்தான். சீக்கிரம் காய்கிற பசை. காய்ந்ததும் மட்டமாகச் சீவி, துரப்பண ஊசியில் ஆழத்துக்கு அடையாளமாக ஒட்டுத்தாள் சுற்றி, சின்ன ஓட்டை போட்டான். அதே அளவு இரும்பு ஸ்க்ரூ ஒன்றை மெழுகுவத்தியில் குத்தி, அதை முதலில் முறுக்கி, மரத்தில் புரி வெட்டிவிட்டுக் கழற்றினான். பித்தளை மிருது, நேராக ஈட்டிமரத்தில் முறுக்கினால் தலைக்குக் கீழே முறிந்துவிடும். இரும்பு போய் வழி பண்ணிவிட்டு வந்தபிறகுதான் பித்தளை போக வேண்டும்.

ரிஃபானா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கப் பார்க்க மனசுக்குள் ஏதோ உறுத்தியது.

"ஏன் தம்பி, எப்பவும் இரும்புதான் மொதல்ல போடுவியா?"

"ஆமா."

"ஒரு தபாகூட மறந்ததில்ல?"

"இதுல மறக்க இன்னா கீது?"

"அப்ப இது எப்பிடி ஒடஞ்சது?"

அவன் மெழுகைச் சுரண்டிக்கொண்டே இருந்தான்.

"உன்னதான் கேக்கறேன். இவ்ளோ பொறுமயா பண்றவன் கையில இது எப்பிடி ஒடஞ்சது?"

"வுடு அண்ணி."

"வுட மாட்டேன். சொல்லு."

"திங்கக்கெழம நான் எங்க இருந்தேன்?" என்றான் அவன், தலை நிமிராமல்.

திங்கட்கிழமை. ஃபைஸாவுக்கு ஸ்கேன். காலையிலேயே புதுப்பட்டினம் போனவன் பொழுது சாயத்தான் திரும்பினான். ரிஃபானாவே அவன் கையில் பேரீச்சம்பழம் கொடுத்து அனுப்பியிருந்தாள்.

"அப்ப…"

"அண்ணனுக்குக் கிட்டத்துல தெரியல அண்ணி. ரெண்டு மாசமாவே தெரியல. நுணுக்கமான வேல எதுனா வந்தா, இதகூட நான்தான் பண்ணணுமான்னு கத்திட்டு என் தலயில கட்டுவாரு. கத்தறது எதுக்குன்னு எனக்குத் தெரியும். அன்னிக்கி நான் இல்ல. அவரே போட்டிருக்காரு. எது இரும்பு, எது பித்தளைன்னு தெரிஞ்சிருக்காது, நேரா போட்டு முறுக்கிட்டாரு. நான் வரும்போது ஜன்னலாண்ட நின்னுகினு தலய ஒட்டிகினு இருந்தாரு. நானு அப்பிடியே திரும்பி கடலாண்ட போய்ட்டேன்."

ரிஃபானாவுக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. மாத்திரை அட்டையைக் கொண்டுவந்து 'இத கொஞ்சம் படி' என்பான். கரண்ட் பில்லை அவள் முன்னால் போடுவான். புருஷனுக்குச் சோம்பேறித்தனம் வந்துவிட்டது என்று நினைத்து அவளும் திட்டியிருக்கிறாள். நாற்பத்தி ஆறு வயசில் யாருக்கும் வருகிறதுதான். ஒரு கண்ணாடி போட்டால் தீர்ந்தது. ஆனால் கண்ணு தெரியாதவன் கிட்டார் செய்கிறான் என்று ஊர் சொல்லிவிடுமோ என்று அவனுக்குப் பயம். அதுவாவது போகட்டும். முறிந்த தலையை மூடியில் ஒட்டி வைத்துவிட்டு, தொறக்காதே என்று சொன்னானே! தம்பியின் ஒரு பொய்க்குத் தெருவைக் கூட்டியவன்!

"அப்ப நீ ஏன் நான்தான்னு சொன்ன?"

"நான் இல்லன்னு சொல்லியிருந்தா நீ நம்பியிருப்பியா?"

அவள் நம்பியிருக்க மாட்டாள். அவன் பொய் சொல்கிறான் என்று இன்னும் நாலு வார்த்தை சேர்த்துத் திட்டியிருப்பாள். அதை நினைக்க அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"தப்புதான் தம்பி" என்றாள். "நான் கேட்டிருக்கணும்."

அவன் சரி என்கிற மாதிரி தலையை ஆட்டிவிட்டு, மூடியை எடுத்து வைத்து, இரண்டு ஸ்க்ரூவைப் போட்டான். மூன்றாவதைக் கையில் எடுக்கும்போது வாசலில் மரம் ஏற்றிய குட்டி யானை வண்டி வந்து நிற்கிற சத்தம் கேட்டது. மணி மூன்றேகால்தான். இத்ரீஸ் சீக்கிரம் வந்துவிட்டான்.

வரும்போதே குரல் வந்தது. "இன்னாத்துக்கு அத்தினி தபா போன் பண்ண? டிப்போவுல ஒரே கூட்டம், எடுக்க முடியல." கொட்டகைக்குள் காலை வைத்தவன் நின்றுவிட்டான். மேஜைமேல் கிட்டார். பக்கத்தில் செய்தித்தாளில் ஏரியல் குழாய், மரத்தூள், பசை ஒட்டிய ஸ்க்ரூ தலை.

ரிஃபானா, தான் எதையும் சொல்லக் கூடாது என்று முடிவு பண்ணிக்கொண்டாள். அவனே சொல்லட்டும். சொல்லிவிட்டால் அவள் ஒரு வார்த்தை பேச மாட்டாள். அவன் முகத்தையே பார்த்தாள். முகம் வெளுத்தது, பிறகு இறுகியது.

அதற்குள் சைதூன் ஓடி வந்தாள். "இத்ரீஸு, கோவப்படாதடா. சின்னவன் தெரியாம ஒடச்சிட்டான். மறச்சது தப்புதான். ஒத்துக்கினான். சரி பண்ணியும் வெச்சிட்டான். புள்ளத்தாச்சி பொண்ண நெனச்சிப் பாரு, அவன வெளிய அனுப்பாதடா."

தப்பிக்க வழி திறந்துவிட்டது. இத்ரீஸ் அம்மாவைப் பார்த்தான், தம்பியைப் பார்த்தான். மனைவியைப் பார்க்கவில்லை.

"யாரு ஒடச்சது?" என்றான்.

இதைக்கூடக் கேட்பான் என்று ரிஃபானா கனவிலும் நினைக்கவில்லை.

"நான்தாண்ணா" என்றான் முபஷ்ஷிர். அண்ணன் கண்ணை நேராகப் பார்த்துச் சொன்னான்.

இத்ரீஸ் தொண்டையைச் செருமிக்கொண்டான். "சரி. வுடு. ஆனது ஆயிப் போச்சு. இந்த ஒரு தபா மன்னிச்சி வுடறேன். போ."

"எம் புள்ளைக்கு எவ்ளோ பெரிய மனசு!" என்று சைதூன் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "பாத்தியாடா சின்னவனே, அண்ணன்னா இதான்டா."

ரிஃபானாவுக்குக் காது இரண்டும் சூடேறியது. பதினாலு வருஷம் இந்த மனுஷனோடு குடித்தனம் பண்ணியிருக்கிறாள். கத்துவான், தட்டை வீசுவான், அரை மணி நேரத்தில் வந்து டீ கேட்பான். முன்கோபி என்று எல்லாரிடமும் சொல்லியிருக்கிறாள். கோழை என்று இதுவரை நினைத்ததில்லை.

வாயைத் திறக்கப் போனாள். வெளியே கார் ஹாரன். லதாவும் அனுவும்.

"டிராஃபிக்கே இல்ல பாய், சீக்கிரம் வந்துட்டோம்" என்று சொல்லிக்கொண்டே லதா உள்ளே வந்தாள். அனு நேராக மேஜைக்குப் போய், தொடாமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தாள். "ஆன்ட்டி, இதுவா? என்னோடதா?"

"உன்னோடதுதாம்மா. மூடியில கடசி ஸ்க்ரூ ஒண்ணு பாக்கி." ரிஃபானா திருப்புளியையும் பித்தளை ஸ்க்ரூவையும் எடுத்தாள். புருஷன் முன்னால் போய் நீட்டினாள். "நீங்களே போட்டுக் குடுங்க. உங்க கையால போட்டாதான் அவங்களுக்கு ராசி."

"அவன் போடுவான்."

"அவன் ஒடச்சிடுவான்னு பயமா கீது. நீங்க போடுங்க."

முபஷ்ஷிர் ஓரடி முன்னால் வந்தான். "குடு அண்ணி, நான்…"

"நீ நில்லு தம்பி. அவரே போடட்டும்."

லதாவுக்கு ஏதோ சரியில்லை என்று பட்டிருக்க வேண்டும். மகளின் தோளைத் தொட்டுக் கொஞ்சம் பின்னால் இழுத்தாள். இத்ரீஸ் ஸ்க்ரூவை வாங்கிக்கொண்டான். வாங்காமல் இருக்க முடியாது; செய்தவன் அவன், வாங்க வந்தவர்கள் எதிரில் நிற்கிறார்கள். ஓட்டையை விரல்நுனியால் தடவிக் கண்டுபிடித்தான். ஸ்க்ரூவை வைத்தான். அது சாய்ந்து தரையில் விழுந்தது. முபஷ்ஷிர் குனிந்து எடுத்து, அண்ணன் உள்ளங்கையில் வைத்தான். இரண்டாம் தடவை ஸ்க்ரூ ஓட்டையில் நின்றது. திருப்புளியை அதன் தலைக்கு நேராகக் கொண்டுபோனான். நேராக என்று அவன்தான் நினைத்தான். முனை ஒரு நகக்கண் அளவு விலகி, பளபளவென்று பாலிஷ் போட்ட ஈட்டிமரத்துக்கு மேலே நின்றது. நெற்றியில் வியர்வை வழிய, அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினான்.

முபஷ்ஷிரின் கை குறுக்கே போனதை யாரும் பார்க்கவில்லை. திருப்புளி அவன் கட்டைவிரலில் இறங்கியது.

"ஐயோ அங்கிள், ரத்தம்!" என்று அனு அலறினாள். முபஷ்ஷிர் அந்தக் கையை உடனே கிட்டாரிலிருந்து விலக்கித் தன் சட்டையில் வைத்து அழுத்திக்கொண்டான். மரத்தில் ஒரு கீறல் இல்லை, ஒரு சொட்டு சிந்தவில்லை.

இத்ரீஸ் திருப்புளியைக் கீழே போட்டான். இவ்வளவு தூரம் போகும் என்று நினைத்து ரிஃபானா அதை நீட்டவில்லை. மைத்துனன் சட்டையில் சிவப்பு பரவுவதைப் பார்த்து அவள் துணி தேடத் திரும்பினாள்.

"தெரியல" என்றான் இத்ரீஸ். யாரிடம் சொல்கிறான் என்றே புரியவில்லை. "கிட்டத்துல எனக்கு ஒண்ணும் தெரியல மேடம். திங்கக்கெழம இந்த ஸ்க்ரூவ ஒடச்சது நான். தலய ஒட்டி வெச்சதும் நான்தான். என் தம்பி இல்ல. அவன் அன்னிக்கி ஊர்லயே இல்ல. அவன்தான் இன்னிக்கி ஒக்காந்து சரி பண்ணியிருக்கான்." அம்மா பக்கம் திரும்பினான். "பெரிய மனசும் இல்ல, ஒண்ணும் இல்லம்மா. அழுவாத."

சைதூன் வாயில் வைத்த முந்தானை வாயிலேயே இருந்தது.

லதாதான் முதலில் பேசினாள். "உட்காருங்க பாய். எனக்கும் கண்ணாடி இல்லாம ஒரு எழுத்து தெரியாது. அந்தத் தம்பி விரலை முதல்ல பாருங்க. எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்ல." அனு நாற்காலியை இழுத்துப் போட்டாள். இத்ரீஸ் உட்காரவில்லை.

முபஷ்ஷிர் எப்போதோ வெளியே போய்விட்டிருந்தான். பின்பக்கக் குழாயடியில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. இத்ரீஸ் அங்கே போனான். ரிஃபானா துணி கிழித்து எடுத்துக்கொண்டு பின்னாலேயே போய், கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுவிட்டாள்.

"உனக்கு எப்ப தெரியும்?" இத்ரீஸின் குரல், கத்தாத குரல்.

"அன்னிக்கே தெரியும்."

"மூணு நாளா ஏன்டா ஒண்ணும் கேக்கல?"

"நீயே சொல்லுவேன்னு பாத்துகினு இருந்தேண்ணா." தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. "மன்னிச்சி வுடறேன்னு சொன்னியே, அப்பகூட பாத்துகினுதான் இருந்தேன். அதுக்கப்புறம்தான் இனிமே நீ சொல்ல மாட்டன்னு ஆயிப் போச்சு. நாளைக்கிக் காலைல ஃபைஸா வூட்டுக்குப் போய்டலாம்னு நெனச்சேன்."

"போவாதடா."

தம்பி குழாயை மூடினான்.

"போவாதன்னு சொல்றேன். கைய காட்டு. எவ்ளோ ஆழம்னு பாக்கறேன்."

ரிஃபானா எட்டிப் பார்த்தாள். இத்ரீஸ் தம்பியின் கட்டைவிரலைப் பிடித்து முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தான். தெரியவில்லை. இன்னும் கிட்டே கொண்டுவந்தான். பிறகு, தம்பி பார்க்கப் பார்க்கவே, அந்தக் கையைத் தன் முழு நீளத்துக்கும் எட்டத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, காயத்தைப் பார்த்தான்.